பேக்யார்டில் தரைமேல் நீச்சல்குளம்: சரிவான இடம், சின்னப் பிள்ளைகள், எப்படிச் செய்வது?

எடிசன்வாசி:

வணக்கம் எல்லோருக்கும். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். இந்தக் கோடைக்குப் பேக்யார்டில் தரைமேல் வைக்கிற நீச்சல்குளம் ஒன்று போடலாம் என்று இருக்கிறோம். தோண்டிக் கட்டுகிற குளத்துக்கு ஆகிற செலவு எங்களுக்குக் கட்டாது. மனதில் இருப்பது 18 அடி விட்டம், 48 அங்குல உயரம், இரும்புக் குழாய் சட்டத்தில் பிளாஸ்டிக் துணி மாட்டுகிற வகை. 24 அடி தகரச் சுவர் குளத்தையும் ஒரு கடையில் காட்டினார்கள், விலை நிறையவே கூடுதல்.

சந்தேகங்கள் இவை. புல்தரை வீட்டிலிருந்து வேலிப்பக்கம் சரிகிறது, 18 அடிக்குள் கிட்டத்தட்ட 8 அங்குலம். பள்ளமான பக்கத்தில் மண் கொட்டி நிரப்பினால் போதுமா? இல்லை, வீட்டை ஒட்டி மர டெக் (பலகைத் தளம்) ஒன்று பெரிதாக இருக்கிறது, அதன் மேலேயே வைத்துவிடலாமா? பக்கத்து வீட்டில் குளத்தில் குளோரின் மாத்திரை போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், ஆனாலும் ஜூலை கடைசியில் வருஷம் தவறாமல் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது, அது ஏன்? முக்கியமாக, மூத்தவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 3. அதுதான் பயமாக இருக்கிறது. போட்டு அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மண்வெட்டி:

டெக் மேல் வைக்கிற யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். கணக்கு எளிது: விட்டம் பெருக்கல் விட்டம் பெருக்கல் தண்ணீர் ஆழம், எல்லாம் அடியில், அதை 5.9 ஆல் பெருக்கினால் கேலன் வரும். 18 அடிக் குளத்தில் மூன்றரை அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 6,700 கேலன், எடை 25 டன். ஒரு சதுர அடிக்கு 218 பவுண்டு இறங்குகிறது. வீட்டு டெக்குகளைச் சதுர அடிக்கு 40, 50 பவுண்டு தாங்கும்படிதான் கட்டுகிறார்கள். நிரப்பும்போதே சரிந்துவிடும், கீழே யாராவது இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

பள்ளத்தில் மண் நிரப்புவதும் அதே காரணத்துக்காகத்தான் கூடாது. புதிதாகக் கொட்டின மண் எவ்வளவு மிதித்தாலும் அந்த எடைக்கு அமுங்கும், ஒரு பக்கம் தாழும், தண்ணீர் முழுக்க அந்தப் பக்கத்துச் சுவரைத் தள்ளும், சட்டத்தின் கால்கள் வெளியே சாயும். மேடான பக்கத்தை வெட்டிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி. 8 அங்குலம் என்பது கையால் வெட்ட முடிகிற அளவுதான், ஆனால் உங்கள் பக்கத்துச் செங்களிமண் காய்ந்துவிட்டால் கடப்பாரைதான் வேண்டும், அதனால் மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஆரம்பியுங்கள். வெட்டுவதற்குச் சில வேலை நாட்கள் முன்னால் 811க்குப் போன் செய்துவிட வேண்டும், கேஸ் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.

நடுவில் ஒரு குச்சி அடித்து, கயிறு கட்டி 20 அடி விட்டத்தில் வட்டம் போடுங்கள், குளத்தைவிடச் சுற்றிலும் ஓர் அடி கூடுதலாக. அந்த வட்டத்துக்குள் புல்லை வேரோடு எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் அடியில் அழுகி நாறும், அதைவிடப் பெரிய தொல்லை கோரைப்புல், அதன் முளை ஊசி மாதிரி லைனரை, அதாவது தண்ணீரைத் தாங்குகிற பிளாஸ்டிக் துணியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். அப்புறம் ரசமட்டம். நீளமான நேர்ப்பலகை மேல் ரசமட்டத்தை வைத்து நடுக்குச்சியிலிருந்து கடிகார முள் போலச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், வாடகைக்கு லேசர் லெவல் கிடைத்தால் இன்னும் நல்லது. மொத்த விட்டத்துக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அரை அங்குலத்துக்குள் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அதன்மேல் கல் இல்லாத சலித்த மணல் இரண்டு அங்குலம். 20 அடி வட்டத்துக்கு இரண்டு கன கெஜம் போல ஆகும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கான்கிரீட் பலகைக்கல் வையுங்கள், அதன் மேல்பரப்பு தரைமட்டத்தோடு சமமாக இருக்கும்படி புதைத்து. எல்லோரும் மணலில் கவனமாக இருந்துவிட்டுக் கல்லை விட்டுவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்கு இறங்கியிருக்கும். வெட்டின பக்கத்தில் மேட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் சிறு வாய்க்கால் எடுத்து விடுங்கள். செப்டிக் டேங்க் வீடு என்றால் அதன் கழிவுநீர் இறங்கும் இடத்தின் மேல் குளம் வரக் கூடாது.

நிரப்பும்போது முதலில் ஓர் அங்குலம் தண்ணீர் மட்டும் விட்டு நிறுத்திச் சுருக்கங்களை நீவிவிடுங்கள். பிறகு ஓர் அடி வந்ததும் சுற்றிலும் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளந்து பாருங்கள். அளவு எங்காவது ஓர் அங்குலத்துக்கு மேல் மாறினால் அப்போதே காலி செய்து சரிபண்ணுங்கள். நிறைந்த பிறகு மனசு வராது.

தெளிநீர்:

பக்கத்து வீட்டுப் பச்சைத் தண்ணீருக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் நிறையக் குளங்கள் ஜூலையில் பச்சையாவதற்கு அந்த மாத்திரையேதான் காரணம்.

மிதவையில் போடுகிற 3 அங்குல மாத்திரை டிரைகுளோர். அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது, கடையில் ஸ்டெபிலைசர் என்பார்கள். வெயிலில் குளோரின் சீக்கிரம் அழிந்துவிடாமல் அது காப்பாற்றும், அதனால் கொஞ்சம் வேண்டும்தான், 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை. ஆனால் குளோரின் தினமும் செலவாகிறது, சயனூரிக் அமிலம் ஆவியாவதில்லை, ஃபில்டரிலும் நிற்பதில்லை, சேர்ந்துகொண்டே போகும். டிரைகுளோர் 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விடுகிறது. கோடையில் ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரின் செலவு என்று வைத்தால் மாதத்துக்கு 36 கூடும். மே கடைசியில் 30இல் ஆரம்பித்தவர் ஜூலை கடைசியில் 100ஐத் தொட்டிருப்பார். அந்த அளவில் குளோரின் கட்டுண்டு கிடக்கும், சோதனைக் காகிதம் 3 என்று காட்டும், ஆனால் பாசியைக் கொல்ல அது போதாது. குளோரின் எப்போதும் சயனூரிக் அளவில் ஏழெட்டு சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது குளம் வைத்திருப்பவர்கள் பின்பற்றுகிற கணக்கு. 30 இருந்தால் குறைந்தபட்சம் இரண்டரை, 100 இருந்தால் ஏழரை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இன்னும் இரண்டு டப்பா மாத்திரை வாங்குவதில் பயனில்லை, பாதித் தண்ணீரை மாற்றினால்தான் சயனூரிக் அமிலம் பாதியாகும்.

நீங்கள் முதலிலிருந்தே திரவக் குளோரினுக்குப் போய்விடுங்கள். ஸ்டெபிலைசரை ஆரம்பத்தில் ஒரு தடவை 30 வரை ஏற்றிவிட்டு, பிறகு தினமும் சாயங்காலம் வெயில் இறங்கினதும் பம்ப் ஓடும்போது திரவக் குளோரின். உங்கள் 6,700 கேலனுக்கு 10 சதவீதத் திரவம் அரை லிட்டர் ஊற்றினால் 2 பிபிஎம் ஏறும். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டுகிற பிஹெச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில், அந்தப் பிஹெச்சை நிலையாக வைக்கிற அல்கலினிட்டி 80 முதல் 120 பிபிஎம். அல்கலினிட்டி குறைந்தால் சமையல் சோடா, கடையில் வேறு பெயரில் மூன்று மடங்கு விலைக்கு விற்பதும் அதேதான். சோதனைக் காகிதத்தை நம்பாமல் சொட்டு விட்டுப் பார்க்கிற கிட் ஒன்று வாங்குங்கள், மற்ற எந்தச் சாமானைவிடவும் இதில் செலவழிப்பது முக்கியம் என்பேன்.

அப்படியும் பச்சையாகிவிட்டால்: சயனூரிக் 30 இருக்கிற குளத்தில் குளோரினை 12க்கு ஏற்றி, இறங்க இறங்க மறுபடி ஏற்றி, சுவரையும் தரையையும் தேய்த்து, பம்பை நிறுத்தாமல் ஓட்டுங்கள். தண்ணீர் தெளிந்து, ராத்திரியில் குளோரின் 1 பிபிஎம்முக்கு மேல் குறையாமல் நின்றால் பாசி போய்விட்டது என்று அர்த்தம். நல்ல நாளில் எட்டுப் பத்து மணி நேரம் பம்ப் ஓடினால் போதும். கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் என்றால் அடிக்கடி கழற்றிக் குழாயடியில் அலச வேண்டும். மணல் ஃபில்டர் என்றால் சுத்தமாக இருக்கும்போது காட்டுகிற அழுத்தத்தைக் குறித்து வைத்து, அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினதும் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டு மணலைக் கழுவ வேண்டும்.

இன்னொன்று, உயிர் விஷயம். டிரைகுளோர் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, ஒரே மிதவை, ஒரே கரண்டி, ஈரமான ஒரே வாளி எதுவும் கூடாது, வெடிக்கும். அமிலத்தையும் குளோரினையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். எதையும் தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும், ரசாயனத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ரெண்டு பிள்ளை அம்மா:

எடிசன்வாசி, உங்கள் கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையான பிள்ளைகள் சாவதற்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான். உங்கள் சின்னவன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். குழந்தை மூழ்கும்போது சத்தம் வராது, கத்தாது, கையை ஆட்டாது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கிற வகையைப் பற்றி ஒரு செய்தி. 2025 ஜூலையில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பெஸ்ட்வே, இன்டெக்ஸ், பாலிகுரூப் மூன்று நிறுவனங்களின் 48 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ள தரைமேல் குளங்கள் ஏறக்குறைய 50 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. காரணம், கால்களுக்கு வெளியே சுற்றிக் கட்டியிருக்கிற இறுக்குப் பட்டை. சின்னப் பிள்ளை அதில் கால் வைத்து ஏறி உள்ளே விழுந்துவிடுகிறது. ஒன்பது குழந்தைகள் அப்படி இறந்திருக்கிறார்கள். நிறுவனங்கள் பட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு காலையும் சுற்றிக் கட்டுகிற கயிற்றை இலவசமாகத் தருகின்றன. அதனால் யாராவது பழைய குளத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் பட்டையை முதலில் பாருங்கள். 48 அங்குலச் சுவரே தடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள், காலுக்கு ஒரு பிடி கிடைத்தால் அது ஏணிதான். பம்ப், ஃபில்டர், நாற்காலி, பூத்தொட்டி எதுவும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது.

ஏணியைக் குளித்து முடித்ததும் கழற்றி ஷெட்டில் பூட்டுங்கள், ஒவ்வொரு முறையும். மிதக்கிற பொம்மைகளை எடுத்துவிடுங்கள், குழந்தையைத் தண்ணீர்ப் பக்கம் இழுப்பது அதுதான். பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் ஒரு பெரியவர் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு அருகிலேயே இருக்க வேண்டும், அது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். விருந்து நடக்கும்போது பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள், ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வாங்குவதற்கு முன்னால் டவுன்ஷிப் அலுவலகத்தில் கேளுங்கள். 24 அங்குலத்துக்கு மேல் ஆழம் என்றாலே பொதுவாகப் பெர்மிட்டும் தடுப்பும் கேட்பார்கள். வேலி குறைந்தது 48 அங்குலம், கதவு தானாகச் சாத்திக்கொண்டு தானாகத் தாழ் விழ வேண்டும். வீட்டு இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

மின்வேலை:

கரண்ட் பற்றிச் சுருக்கமாக. துணிச் சுவர் குளத்தோடு வருகிற பம்பில் இரட்டைக் காப்பும், ஒயரிலேயே கசிவுத் துண்டிப்பானும் (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துவது) இருக்க வேண்டும். பிளக் பாயின்ட் குளத்திலிருந்து 6 அடிக்குள் இருக்கவே கூடாது, 20 அடிக்குள் இருப்பது எல்லாம் ஜிஎஃப்சிஐ, அதாவது அதே கசிவுத் துண்டிப்பான் உள்ளதாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து மாட்டாதீர்கள், தேவைப்பட்டால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் புது பாயின்ட் போடுங்கள். தலைக்கு மேல் மின்கம்பி போகிற இடத்தில் குளமே வேண்டாம்.

24 அடி தகரச் சுவர் நிரந்தரக் குளம், அதற்கு விதி வேறு. சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குலம் தள்ளி, மண்ணுக்குள் சுற்றிலும் 8 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) வெறும் செம்புக் கம்பி பதித்து, சுவர், பம்ப், ஏணி எல்லாவற்றையும் அதோடு இணைக்க வேண்டும். குளம் நின்ற பிறகு சுற்றிலும் மறுபடி தோண்டுவதைவிட முன்பே செய்துவிடுவது எளிது.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டெக் யோசனையை விட்டாச்சு. 18 அடியே போதும் என்று முடிவு, டவுன்ஷிப்பில் திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். அக்கா, பட்டை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லப் போகிறேன். கடைசியாக ஒன்று, குளிர்காலத்தில் அப்படியே விடலாமா?

மண்வெட்டி:

துணிக் குளத்தை விடாதீர்கள், பனிக்கட்டி உறைந்து சட்டத்தையும் தையலையும் கெடுத்துவிடும். லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கட்கிழமை) தாண்டித் தண்ணீர் குளிர்ந்ததும், குளோரின் போடுவதை நிறுத்தி அது இறங்கின பிறகு காலி செய்யுங்கள், பக்கத்து வீட்டுப் பக்கம் ஓடவிடாமல். நன்றாகக் காயவைத்து மடித்து வீட்டுக்குள் எலி வராத இடத்தில் வையுங்கள். பம்ப், ஹோஸ் எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. தகரச் சுவர் குளத்துக்கு இது நேர்மாறு, அதைக் காலி செய்தால் லைனர் சுருங்கும், காற்றுக்குச் சுவர் மடங்கும், அதில் தண்ணீரை விட்டு மேலே மூடுவார்கள்.

மணல் படுக்கையின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டுக் கல் வைத்துவிட்டால் அடுத்த மே மாதம் ரசமட்டம் மட்டும் ஒரு தடவை பார்த்தால் போதும்.