2 அங்குலம் தூக்கிய இறக்குமதி பிராடோ: சேலத்தில் டிஎன் நம்பர் கிடைக்குமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம். பெங்களூரில் ஓடிய பழைய டொயோட்டா பிராடோ ஒன்று வாங்கியிருக்கிறேன். ஜப்பானிலிருந்து முழு வண்டியாக வந்தது. பில் ஆஃப் என்ட்ரி (சுங்க இறக்குமதிச் சீட்டு) நகல், பெங்களூர் ஆர்டிஓ தந்த படிவம் 28 என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) இரண்டும் கையில் இருக்கின்றன. முந்தைய ஓனர் வெளியில் ஸ்பிரிங்கும் நீளமான ஷாக்கும் வாங்கி மாட்டி, வண்டியை 2 அங்குலம் தூக்கிவிட்டார். ஆர்டிஓ ஆபீசில் வண்டியைப் பார்க்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவாரா?

சூரமங்கலத்தான்:
ஆர்சியில் ஸ்பிரிங்குக்கு என்று கட்டமே கிடையாது. கழுவி எடுத்துப் போங்க. சேஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

குகை பட்டறை:
தம்பி, இதை நம்பிப் போகாதீங்க. கட்டம் இல்லை, சரி. ஆனால் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்ன பிறகு, கம்பெனி அளவுக்கு மாறாக இருக்கிறது என்று நிறுத்தினால் நம்மிடம் பதில் இல்லை. அதே சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

சட்டத்தை விடுங்க. ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பாருங்க. பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா? ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி ஏறி இறங்குகிற வண்டிக்கு அது ஆகாது. ஆக்சில் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையையும் (பூட்) விரலால் விரித்துப் பாருங்க.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஒரிஜினல் ஸ்பிரிங் போட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் இதையே மாட்டிக்கலாமா அண்ணா?

குகை பட்டறை:
அதுவும் 182ஏ தான். இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் மாட்டி, எங்காவது இடித்தால் கிளைமும் இழுக்கும். பழைய ஸ்பிரிங்கை யாரும் லேசில் எடைக்குப் போட மாட்டார்கள், விற்றவரைக் கேளுங்க. மாட்டியதும் அலைன்மென்ட் பார்த்து, அந்த பில்லை ஃபைலில் வையுங்க. புது நம்பருக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்கு 29, 30 சேர்த்துப் போடணும். வெளிமாநில நம்பரில் இங்கே வைத்திருக்க 12 மாதம்தான் கெடு. இங்கே ஆயுள் வரி கட்டிப் பதிவு முடிந்ததும், கர்நாடகாவில் கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அலையவிடுவார்கள், அது வேறு கதை.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஸ்பிரிங், ஷாக் நான்கும் கிடைத்துவிட்டன. அவர் வீட்டு ஷெட்டில் பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்! நீங்கள் சொன்ன மாதிரி ஒடித்துப் பார்த்தேன். இடது ஹோஸில் கட்டை விரல் அகலத்துக்குத் தேய்ந்து, உள்ளே நூல் தெரிகிறது. ஆக்சில் ரப்பர் உறையில் கிரீஸ் கசிவு. ஹோஸ் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

குகை பட்டறை:
இரண்டு பக்கமும் மாற்றுங்க. அதுவரை மலைப்பக்கம் போகாதீங்க.