பஜெரோ வி24: டெலிக்கா ஓல்ரனேற்றர் பூட்டின பிறகு பிறேக் இறுகுது, ஃபோர் வீல் லைற் மினுங்குது

மணற்காட்டு வி24:
வணக்கம் அண்ணைமார். வண்டி 1992 பஜெரோ வி24. 4டி56 ரேபோ டீசல் எஞ்சின், மனுவல் கியர், சூப்பர் செலக்ற் ஃபோர் வீல். பழைய ஓல்ரனேற்றர் (பற்றறியைச் சார்ஜ் பண்ணுறது) எரிஞ்சு போச்சு. ஒறிஜினல் கேட்ட விலை கட்டுபடியாகாது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலை இருந்து டெலிக்கா எல்300 இன்ர றீகொண்டிசன் ஒண்டு எடுப்பிச்சது. அதுவும் 4டி56 தான், பின்னுக்கு பிறேக்குக்கு உறிஞ்சல் குடுக்கிற வக்யூம் பம்ப்பும் இருக்கு, அப்பிடியே ஏறும் எண்டு சொல்லித்தான் தந்தவை. ஏறினது உண்மைதான். ஏறின பிறகு உள்ள வில்லங்கம் இது:

ஐடிலிலை பிறேக் பெடல் கல்லு மாதிரி. எஞ்சினை றேஸ் பண்ணிப்போட்டு மிதிச்சால் கொஞ்சம் இளகுது. ஹெட் லைற் போட்டவுடனை பெல்ற் கீச்சிடுது. சார்ஜ் லைற் அணையாமல் மங்கலா எரியுது. நாலு சில்லுக்கு மாத்தினால் முன் சில்லு லைற் மினுங்கிக்கொண்டே நிக்குது, மணலுக்கை முன்பக்கம் இழுக்கேல்லை.

பழையதுக்கும் இதுக்கும் கண்ட வித்தியாசம்: பழைய கப்பியிலை ரெண்டு தவாளிப்பு, இதிலை ஒண்டு. அதாலை இப்ப ஒரு பெல்ற்றிலைதான் ஓடுது. கீழ்க்காது ஓட்டை 12 மி.மீ, எங்கட போல்ற் 10. பம்ப்பிலை இருந்து ஓயில் திரும்பி வாற மூக்கு பழையதிலை நேர கீழை பாத்தது, இதிலை எஞ்சின் பக்கம் சரிஞ்சு கிடக்கு. ரெண்டு முள்ளு வயர்க் குத்தி மட்டும் அப்பிடியே பொருந்தினது.

மெக்கானிக் மாஸ்ரர் சிலிண்டரை மாத்தச் சொல்லுறார். மாத்துறதோ?

டீசல் பம்ப்:
மாஸ்ரர் சிலிண்டரிலை கை வைக்காதேங்கோ. மாஸ்ரர் போனால் பெடல் தாழும், இறுகாது. இறுகுதெண்டால் பூஸ்ரருக்கு (வக்யூமாலை காலின்ர பலத்தைக் கூட்டிக் குடுக்கிறது) வக்யூம் காணாது. உங்கட முறைப்பாடுகளிலை மூண்டு ஒரே இடத்திலை இருந்துதான் வருது. உந்த மொடல் சூப்பர் செலக்ற்றிலை முன் அச்சைக் கொழுவிறதே வக்யூம்தான், அதுவும் அதே பம்ப்பிலை இருந்து போறது. பம்ப் சோர்ந்தால் பிறேக்கும் இறுகும், முன் அச்சும் கொழுவாது, லைற்றும் மினுங்கும்.

முதல் இதுகளைப் பாத்துச் சொல்லுங்கோ.

எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு பெடலை நாலைஞ்சு தரம் மிதியுங்கோ. கால் பெடலிலையே இருக்க ஸ்ராட் பண்ணுங்கோ. பெடல் காலோடை கொஞ்சம் தாழவேணும். தாழாட்டி பூஸ்ரருக்கு ஒண்டும் வரேல்லை.

பிறகு பம்ப்பிலை இருந்து வாற ஹோஸைக் கழட்டி, பம்ப் வாயிலை நேர வக்யூம் கேஜைப் போடுங்கோ. ஐடிலிலை சில செக்கனுக்குள்ளை 20 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டவேணும். யாழ்ப்பாணம் கடல்மட்டத்திலை கிடக்கிறதாலை நல்ல பம்ப் 25ஐயும் தாண்டும். 15க்குக் கீழை நிண்டால் பம்ப் பக்கத்துப் பிழை. கேஜ் நல்லாக் காட்டியும் பெடல் இறுக்கமெண்டால் ஹோஸ், வால்வு, பூஸ்ரர் பக்கத்துப் பிழை.

ஹோஸுக்கை ஒரு வழி வால்வு இருக்கு. பூஸ்ரர் பக்கத்தாலை ஊதினால் காத்துப் போகவேணும், பம்ப் பக்கத்தாலை ஊதினால் போகக்கூடாது. அம்புக்குறி பம்ப்பைப் பாக்கவேணும். ஓல்ரனேற்றர் மாத்தேக்கை ஹோஸை வெட்டிப் பூட்டினவையெண்டால் இதைக் கட்டாயம் பாருங்கோ, மாறிப் பூட்டுறது வழமை.

பெடல் சரிவரும் வரைக்கும் ஏ9 பெருந்தெருப் பக்கம் கொண்டுபோகாதேங்கோ.

அச்சுவேலி ஜீப்:
இவ்வளவு கரைச்சல் ஏன்? இன்ரேக் மனிஃபோல்ட்டிலை ஒரு ஓட்டை போட்டு நிப்பிள் வைச்சு பூஸ்ரருக்கு எடுத்தால் காணும்தானே. கார்களிலை அப்பிடித்தானே வருது.

டீசல் பம்ப்:
அது பெற்றோல் வண்டியிலை. பெற்றோலுக்கு திறொட்டில் மூடி நிண்டு உறிஞ்சிறதாலை மனிஃபோல்ட்டிலை வக்யூம் நிக்கும். டீசலுக்கு காத்து வழி திறந்தபடி, உறிஞ்சல் ஒண்டும் இல்லாத அளவு. போதாக்குறைக்கு இது ரேபோ. ஏத்தம் ஏறேக்கை மனிஃபோல்ட்டிலை அமுக்கம்தான் இருக்கும், பூஸ்ரருக்கை ஊதிவிடும். அதுக்காகத்தான் ஓல்ரனேற்றருக்குப் பின்னாலை பம்ப் வைச்சவன்.

லேத் பட்டறை:
சாமான் பக்கத்தைச் சொல்லுறன். 4டி56 எண்டு ஒரே எஞ்சின் வகை எண்டால் அடிப்படை எஞ்சின் ஒண்டு எண்டுதான் அர்த்தம். சுத்தி வர உள்ள பிறக்கற், கப்பி, குழாய் எல்லாம் வண்டியின்ர உடம்புக்கு ஏத்த மாதிரி மாறும். டெலிக்காவிலை எஞ்சின் சீற்றுக்குக் கீழை, பஜெரோவிலை பொனற்றுக்குக் கீழை. மூக்குத் திரும்பினது அதாலைதான்.

கப்பி: ஒற்றைப் பெல்ற்றோடை ஓடாதேங்கோ. லைற், ஏசி போட்டவுடனை ஓல்ரனேற்றர் பாரமாகும், பெல்ற் வழுக்கும், பம்ப்பும் அதோடை சேர்ந்து சோரும். பழைய கப்பியைக் கழட்டிப் புதுத் தண்டிலை போடப் பாருங்கோ. வேர்னியராலை தண்டின்ர விட்டத்தை அளவுங்கோ, 15 உம் வரும், 17 உம் வரும். ரெண்டும் ஒண்டெண்டால் நேர ஏறும். பழைய கப்பியின்ர ஓட்டை பெரிசெண்டால் உள் புஷ் போடலாம். சின்னனெண்டால் லேத்திலை குடைஞ்சு பெருப்பிக்கலாம், ஆனால் சுவர் மெலியிறதெண்டால் விட்டிடுங்கோ. வெளி விட்டத்தையும் பாருங்கோ. 70 மி.மீக்குப் பதிலா 80 எண்டால் சுத்து எட்டிலை ஒரு பங்கு குறையும், அந்தக் குறை ஐடிலிலைதான் தெரியும்.

கப்பி ஏறின பிறகு கிராங்க் கப்பி முகத்திலை நேர்த்தகடு ஒண்டைப் பிடிச்சுப் பாருங்கோ. 1 மி.மீக்கு மேலை விலகக்கூடாது. விலகினால் காதுக்கும் பிறக்கற்றுக்கும் இடையிலை தகடு வையுங்கோ. கப்பிக்குப் பின்னாலை வோஷர் அடுக்குற ஆக்களும் இருக்கினம். அப்பிடிச் செய்தால் நட் பிடிக்கிற புரி குறையும், கப்பி கழண்டு றேடியேற்றரிலை போய்க் குந்தும்.

பெல்ற் ரெண்டும் ஒரே கொம்பனி, ஒரே நீளம், ஒரே நேரத்திலை புதுசு. பழசு ஒண்டு புதுசு ஒண்டு போட்டால் முழுப் பாரத்தையும் புதுசு இழுக்கும். பெருவிரலாலை நல்லா அமத்தினால் 10 மி.மீ அளவு தாழவேணும்.

காது: 12 ஓட்டைக்கை 10 போல்ற் விட்டால் பெல்ற்றை இறுக்கேக்கை ஓல்ரனேற்றர் சரியும், நீங்கள் எவ்வளவு நேராக்கினாலும் நிக்காது. உள்ளை 10, வெளியிலை 12 எண்டு இரும்புச் சிலீவ் ஒண்டு கடைஞ்சு, தட்டி ஏத்துற இறுக்கத்திலை போடுங்கோ. ஒரு மி.மீ சுவர்தான், பித்தளை வேண்டாம். பிறக்கற்றை 12க்குத் துளைக்கச் சொல்லுவினம், பிறகு ஒறிஜினல் கிடைச்சாலும் பூட்டேலாது.

ஓயில் வாற கண் போல்ற்றையும் பாருங்கோ. 10 மி.மீ போல்ற்றிலை புரி இடைவெளி 1.0 மி.மீ உம் இருக்கு, 1.25 உம் இருக்கு. மாறினது ரெண்டு மூண்டு சுத்து ஏறிப்போட்டுத்தான் இறுகும். பம்ப் உடம்பு அலுமினியம், ஸ்பானராலை வெருட்டினால் புரி போயிடும். பிச் கேஜ் (புரி இடைவெளி அளக்கிறது) பிடிச்சுப் பாத்து ஏத்துங்கோ. செப்பு வோஷர் பழசெண்டால் சிவக்கச் சுட்டுத் தண்ணியிலை போட்டால் திரும்ப மெதுவாகும்.

டீசல் பம்ப்:
மூக்கு சரிஞ்சு கிடக்கிறதுதான் எனக்கு உறுத்துது. அந்தக் குழாயாலை ஓயில் மட்டும் வாறதில்லை, பம்ப் இழுத்த காத்து முழுக்க அதாலைதான் வெளியேறுது. ஹோஸ் மடிஞ்சால் பம்ப்புக்கை முட்டும். வக்யூம் குறையும், ஓயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஓல்ரனேற்றருக்கை வந்து பிறஷை நனைக்கும்.

கேஜ் போட்டிருக்கேக்கையே இதைப் பாருங்கோ: திரும்பிற ஹோஸை எஞ்சின் பக்கத்திலை கழட்டி, அந்த முனையை நிமித்தி ஒரு போத்திலுக்கை விடுங்கோ. எஞ்சின் பக்கத்து வாயை அடையுங்கோ. அரை நிமிசம் ஐடிலிலை விட்டுக் கேஜைப் பாருங்கோ. முள்ளு ஏறினால் பிழை ஹோஸிலைதான். அதுக்கு மேலை ஓட விடாதேங்கோ, போத்திலுக்கை போறது எஞ்சின் ஓயில்.

கொக்குவில் வயரிங்:
சார்ஜ் லைற்றுக்கு. குத்தி பொருந்தினதை நம்பாதேங்கோ. மிற்சுபிஷி ஓல்ரனேற்றரிலை ரெண்டு முள்ளு, எல் எண்டது டாஷிலை உள்ள சார்ஜ் லைற், எஸ் எண்டது பற்றறி அளவைப் பாக்கிற வயர். குத்தியைக் கழட்டி, திறப்பைப் போட்டு, எல் வயரை வண்டிப் பொடியிலை தொட்டால் டாஷ் லைற் முழுசா எரியவேணும். எஸ் வயரிலை திறப்புப் போடாமலே பற்றறி வோல்ற் நிக்கவேணும். பிறகு ஓல்ரனேற்றரின்ர முள்ளோடை ஒப்பிட்டுப் பாருங்கோ, குறி அச்சடிச்சிருக்கும்.

ரெண்டும் சரியெண்டால், எஞ்சின் ஓட ஹெட் லைற்றைப் போட்டு மீற்றரின்ர ஒரு முனையை ஓல்ரனேற்றர் பி போல்ற்றிலை (சார்ஜ் வெளியேறுற இடம்), மற்றதைப் பற்றறிப் பிளஸிலை வையுங்கோ. அரை வோல்ற்றுக்கு மேலை காட்டினால் கேபிள் அல்லது கேபிள் காது போச்சு. பூமி பக்கத்தையும் அப்பிடி அளவுங்கோ, ஓல்ரனேற்றர் உடம்புக்கும் பற்றறி மைனஸுக்கும் இடையிலை 0.2க்குள்ளை இருக்கவேணும். கடற்கரையிலை ஓடுற வண்டியிலை காதுக்கை பச்சை பிடிச்சிருக்கும், மேலாலை பாக்கத் தெரியாது.

ஓட்டத்திலை பற்றறிக் காதைக் கழட்டி ரெஸ்ற் பண்ணுறது எண்டு ஒரு வழக்கம் இருக்கு. ஓல்ரனேற்றருக்கை வோல்ற்றைக் கட்டுப்படுத்திற றெகுலேற்றரைக் கொல்ல அதைவிட வேற வழி வேண்டாம்.

மணற்காட்டு வி24:
நன்றி அண்ணைமார். அளந்தது இது.

கேஜ் ஐடிலிலை 13. திரும்பிற ஹோஸைப் போத்திலுக்கை விட்டவுடனை 21. ஹோஸ் எஞ்சின் மவுண்ட்டிலை முட்டி உள்ளுக்கை மடிஞ்சு கிடந்தது, வெளியாலை வளைவு மாதிரித்தான் தெரிஞ்சது. தண்டு ரெண்டும் 17, பழைய கப்பி நேர ஏறினது. சிலீவ் கடைஞ்சு போட்டு, புதுப் பெல்ற் ரெண்டு பூட்டினது. இப்ப கேஜ் 25. பெல்ற் சத்தம் இல்லை. எல், எஸ் சரி. பி போல்ற்றுக்கும் பற்றறிக்கும் இடையிலை 1.1 வோல்ற் காட்டினது, காது மாத்தின பிறகு 0.2. சார்ஜ் லைற் அணைஞ்சிட்டுது, பற்றறியிலை 14.3.

இப்ப பெடல் நல்லம். ஆனால் முன் சில்லு லைற் இன்னும் சிலநேரம் மினுங்குது. மற்றது, பூஸ்ரர் பக்கத்து ஹோஸைக் கழட்டினால் உள்ளை ஈரமாக் கிடக்கு. திரும்பிற ஹோஸை இப்ப தற்காலிகமாத்தான் வளைச்சுக் கட்டியிருக்கு, அதுக்கு என்ன போடுறது?

டீசல் பம்ப்:
ஹோஸுக்கு: ஓயில் தாங்கிற துணி போட்ட றப்பர் ஹோஸ். தண்ணி ஹோஸ் ஊதிப் பிஞ்சு போகும். உள்விட்டம் பழையதிலும் குறையக்கூடாது, வழி முழுக்கக் கீழ்நோக்கி இறங்கவேணும், நடுவிலை தொங்கல் விழக்கூடாது. வளைவு இறுக்கமெண்டால் முழங்கை மாதிரி வளைச்ச இரும்புக் குழாய்த் துண்டு ஒண்டை நடுவிலை வைச்சு ரெண்டு பக்கமும் கிளிப் போடுங்கோ.

முன் சில்லு லைற்றுக்கு: முன் அச்சுக்குப் போற கிளைக் குழாயைக் கழட்டி, கை வக்யூம் பம்ப்பாலை இழுத்துப் பிடியுங்கோ. முள்ளு இறங்கினால் எங்கையோ காத்துப் போகுது. அச்சிலை இருக்கிற டயஃப்ரத்தையும் (வக்யூம் இழுக்கிற றப்பர்த் தகடு) சொலினொயிட் வால்வுக்கு (கறன்ற்றாலை திறக்கிற வால்வு) போற சின்னக் குழாய்களையும் ஒவ்வொண்டா அடைச்சுப் பாத்தால் இடம் அம்பிடும். அந்தச் சின்னக் குழாய்கள் இவ்வளவு வருசத்துக்குப் பிறகு முனையிலை வெடிச்சிருக்கும். முனையிலை ஒரு துண்டு வெட்டித் திரும்பச் செருகினாலே கனக்கச் சரிவரும்.

ஈரத்துக்கு: அது ஓயிலோ பிறேக் ஓயிலோ எண்டு முதல் பாருங்கோ. ஒரு துளியைத் தண்ணிக் கோப்பையிலை விடுங்கோ. மிதந்தால் எஞ்சின் ஓயில், பம்ப் முட்டி நிண்டபோது வந்தது. ஹோஸைப் பிறேக் கிளீனராலை கழுவி, ஒரு வழி வால்வைப் புதுசாப் போட்டு, பூஸ்ரருக்கை தேங்கினதைச் சிறிஞ்சிலை குழாய் மாட்டி உறிஞ்சி எடுங்கோ. விட்டால் டயஃப்ரம் ஊதும். தண்ணியோடை கலந்தால் பிறேக் ஓயில், மாஸ்ரர் சிலிண்டரின்ர பின் சீல் கசியுது. அப்ப உங்கட மெக்கானிக் சொன்ன சாமானை வாங்கத்தான் வேணும், இறுகின பெடலுக்கில்லை, இதுக்கு. வாங்கேக்கை பழையதைக் கழட்டிக் கையிலை கொண்டுபோங்கோ. உள்விட்டம், பூஸ்ரர் தண்டு தொடுற குழியின்ர ஆழம், குழாய்ப் புரி மூண்டையும் வைச்சுப் பாத்திட்டு எடுங்கோ.