காரின் உட்கைப்பிடி உடைந்தபோது: பழைய வண்டி வைத்திருப்போரின் அனுபவங்கள்

அடையாறுக்காரர்:
எங்கள் 1999 மாடல் வண்டியில், ஓட்டுநர் பக்க உட்கைப்பிடியின் ஆணி நுழையும் காது முறிந்துபோனது முதல், கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுத்தான் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் அது சரிப்படவில்லை. பட்டறையிலோ கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடையே மாற்ற வேண்டும் என்றார்கள். உடைந்தது சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக்.

நானே பிரித்தேன். திருகுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி ஏற்றும் ஹேண்டிலின் பின்னால் ஒளிந்திருக்கும் லாட வடிவக் கிளிப்தான் இன்னும் நினைவில் நிற்கிறது. ஹேண்டிலுக்கும் பேடுக்கும் இடையில் பழைய பனியன் துணியைக் கொடுத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் இரு பக்கமும் மாறி மாறி இழுத்தபோது, அது 'டிங்' என்று தெறித்து, போர்டிகோ தரையில் துள்ளி, மழைநீர் வடியும் கம்பி ஜாலியின் விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே போய் நின்றது. அதை விரலால் எடுத்த அந்தச் சில விநாடிகள் நான் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. பிறகு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக் கம்பியை வெட்டி ஆணியாகச் செலுத்தி, காதை எம்-சீல் என்ற, பிசைந்து ஒட்டும் பசையால் கட்டி எழுப்பினேன். இன்றுவரை உழைக்கிறது.

புரசைவாக்கத்துக்காரர்:
நண்பரின் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் ஓட்டுநர் கதவில் இத்தகைய ஒட்டுவேலையை ஏற்க மாட்டேன். ஆபத்து நேரத்தில் உள்ளிருந்து திறக்க அந்தக் கைப்பிடியைத்தானே நம்புகிறோம்? என் வண்டியில் டேஷ்போர்டு பெட்டியின் கொக்கி உடைந்தது. அதற்கு எம்-சீல் போதும், போட்டேன், நிற்கிறது. கதவுக்கு என்றால் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ போய்விடுங்கள். உடைந்ததைக் கையோடு கொண்டுபோங்கள். இடதும் வலதும் வேறு, மாடல் மாறினால், கைப்பிடியை லாக்கோடு இணைக்கும் ராடு மாட்டும் துளையின் இடமும் மாறலாம். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பேடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பட்டன்களையும் கூடுதலாக வாங்குங்கள், பழையவை கழற்றும்போதே உடையும். பேடின் பின்னாலுள்ள பாலித்தீன் தாளைக் கிழித்தெறியாதீர்கள். கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைநீரைக் கதவுக்குள்ளேயே வழியவிட்டு அடித்துளை வழியாக வெளியேற்றுவதற்காகத்தான் அதை ஒட்டியிருக்கிறார்கள். அது போனால் பேடின் அட்டை ஊறி உப்பிவிடும்.

பெரம்பூர்க்காரர்:
புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய கைப்பிடியும் இதே சென்னை வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்தானே, ஐயா?

எங்கள் வண்டியில் கைப்பிடி முழுதாகவே இருந்தது. பின்கதவுதான் உள்ளிருந்து திறக்கவில்லை. சித்திரை மாத நடுப்பகலில் தி.நகரில் நான் பழம் வாங்கித் திரும்பியபோது, அம்மா பாதி இறங்கிய கண்ணாடி வழியே முழங்கை வரை கையை நீட்டி, எட்டாத வெளிக் கைப்பிடியைத் துழாவிக்கொண்டிருந்தார். வளையல்கள் கதவுத் தகரத்தில் உரசிய ஓசை இன்னும் காதில் இருக்கிறது. பூ விற்கும் அம்மாள் ஒருவர்தான் ஓடிவந்து திறந்துவிட்டார். குழந்தைகள் உள்ளிருந்து திறக்காமல் தடுக்கும் சைல்டு லாக் போடப்பட்டிருக்கும் என்று பார்த்தால், அதுவும் இல்லை. பேடைக் கழற்றியபோது, கைப்பிடியிலிருந்து லாக்குக்குப் போகும் ராடின் முனைக் கிளிப் பொடிந்து, ராடு தனியே தொங்கியது. கிளிப்பை மாற்றியதும் வேலை முடிந்தது.

ஸ்போக்கோ புதுக் கைப்பிடியோ, எதைப் போட்டாலும், கதவு திறந்திருக்கும்போதே லாக்கின் நாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, உட்கைப்பிடியை இழுத்து, அது விடுபடுவதைக் கண்ட பிறகே கதவைச் சாத்துங்கள். இல்லையென்றால், பேடும் போடாமல் கதவும் திறக்காமல் மாட்டிக்கொள்வீர்கள்.

அடையாறுக்காரர்:
புரசைவாக்கத்து நண்பருக்கு: முறிந்தது பிளாஸ்டிக், நான் செலுத்தியது எஃகு, அது தேய்வதற்குள் கதவே துருப்பிடித்துவிடும். பாலித்தீன் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பெரம்பூர் நண்பர் சொன்னபடி நான்கு கதவுகளையும் சோதித்ததில், இடது பின்கதவின் ராடு ஆடுகிறது. அந்தக் கிளிப் தனியாகக் கிடைத்ததா, லாக்கோடு சேர்த்துத்தான் கொடுத்தார்களா?