செங்காது ஆமையின் கண்ணிமை வீக்கம்

கேள்வி: சிங்கப்பூரில் நான் வளர்க்கும் ஒரு வயதுச் செங்காது ஆமையின் இரு கண்களும் வீங்கி மூடியிருக்கின்றன, 5 நாள்களாக உணவைத் தொடவில்லை. உலர்ந்த இறாலை மட்டுமே கொடுத்துவந்தேன். மனிதருக்கான சொட்டு மருந்தை இடலாமா?

பதில் 1: வேண்டாம் நண்பரே. ஸ்டீராய்டு கலந்த மருந்து கருவிழிப் புண்ணை மோசமாக்கும். உலர்ந்த இறாலையே தின்னும் ஆமைக்கு வைட்டமின் ஏ குறையும்போது, கண்சுரப்பிகளின் உட்படலம் தடித்து அடைபடுவதால் இமைகள் வீங்குகின்றன. பார்வை மறைவதால்தான் அது உண்ண மறுக்கிறது.

பதில் 2: உண்மை, ஆயினும் அழுக்கு நீரும் இவ்வாறு செய்யும். மூக்கில் குமிழி வந்தாலோ, ஒருபுறம் சாய்ந்து நீந்தினாலோ நுரையீரல் தொற்றாக இருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் ஏ ஊசி அளவு மீறினால் தோலே உரிந்துவிடும். அதை அவர் முடிவுக்கு விடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. நீரை மாற்றிவிட்டேன், நாளைக் காலை மருத்துவரிடம் செல்கிறேன்.