யாரோ மறந்துவிட்டுப் போன கார்டை எடுத்துத் தட்டிவிட்டான், கேஸ் ஆகுமா?

தூக்கம்வராதவன்:
என் தம்பிக்கு 20 வயது. டிக்கெட் மெஷின் மேல் யாரோ மறந்துவிட்டுப் போன டெபிட் கார்டை எடுத்து, பின் நம்பர் கேட்காத சின்னத் தொகையாக மூன்று இடத்தில் தட்டியிருக்கிறான். நான்காவது தடவை மெஷின் ஏற்கவில்லை, அப்போதுதான் பயம் வந்து என்னிடம் சொன்னான். "நான் யாரையும் ஏமாற்றலையே, மெஷின்தானே எடுத்துச்சு" என்று வேறு பேசுகிறான். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடுமா?

கறுப்புக்கோட்டு:
எந்த நாடு என்று சொல்லவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். தம்பியின் மெஷின் வாதம் ரொம்பப் பழசு. மனிதரைத்தான் ஏமாற்ற முடியும், இயந்திரத்தை ஏமாற்ற முடியாது என்று இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வாதாட இடம் இருந்தது. 2006 மோசடிச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது, கருவியிடம் பொய் காட்டினாலும் பொய்தான், அதிகபட்சம் 10 ஆண்டு. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, அடுத்தவரின் அடையாள விவரத்தை நேர்மையில்லாமல் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கூடவே அங்கே குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் ஏமாற்றுப் பிரிவு 318(4) சேர்த்தால் 7 ஆண்டு வரை போகும். இலங்கையில் கார்டு மோசடிக்கென்றே 2006இல் தனிச் சட்டம் வந்தது. இதெல்லாம் உச்சவரம்பு, முதல்முறை சிக்குகிற பையனுக்கு அப்படியே விழாது. ஆனால் மூன்று தட்டு மூன்று குற்றமாகவும் பதிவாகலாம்.

வழிப்போக்கன்:
அமெரிக்காவில் 1,000 டாலருக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று படித்த ஞாபகம்?

கறுப்புக்கோட்டு:
பாதி சரி. மத்திய சட்டத்தின் ஒரு உட்பிரிவுக்கு மட்டும் அந்தக் கணக்கு, ஒரு வருடத்தில் 1,000 டாலர் சேர வேண்டும். மாநிலச் சட்டம் அதற்காகக் காத்திருக்காது. அதே மத்திய சட்டத்தில், மோசடி எண்ணத்தோடு 15 போலி கார்டு கையில் வைத்திருந்தாலே போதும், ஒரு காசு எடுத்திருக்க வேண்டாம், 10 ஆண்டு வரை. போலி கார்டு தயாரிக்கும் கருவி வைத்திருந்தால் 15 ஆண்டு வரை.

தூக்கம்வராதவன்:
சரி, அப்புறம் அந்தக் கார்டை வெட்டிக் குப்பையில் போடச் சொல்லட்டுமா?

கறுப்புக்கோட்டு:
ஐயோ, தொடவே தொடாதீர்கள்! தடயத்தை அழித்தான் என்று இன்னொன்று சேரும். கார்டுக்காரரைத் தேடிப்போய்க் கையில் பணம் கொடுப்பதும் வேண்டாம், வங்கி ஏற்கெனவே அவருக்கு ஈடு கொடுத்திருந்தால் நஷ்டம் வங்கிக்குத்தான். பணத்தைக் கட்டுவது தண்டனையைக் குறைக்க உதவும், குற்றத்தைத் துடைக்காது. வக்கீல் மூலமாகச் செய்யுங்கள், இங்கே இதற்கு மேல் விவரம் எழுதாதீர்கள்.

தூக்கம்வராதவன்:
கார்டு இன்னும் அவன் பர்ஸில்தான் இருக்கிறதாம். பர்ஸோடு வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன், காலையில் வக்கீலைப் பார்க்கிறோம்.