மறு: ஸ்கீ ஜம்பிங் 'ஸ்டைல் பாயிண்ட்' – அழகா, பாணியா, பாங்கா?

அன்புள்ள குழுவினருக்கு,

> 'அழகுப் புள்ளி' போதும். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஐயா, ஸ்கீக்களை மாட்டிக்கொண்டு சரிவில் சறுக்கிவந்து காற்றில் பாயும் ஸ்கீ ஜம்பிங்கில் நடுவர்கள் தரும் 'ஸ்டைல் பாயிண்ட்'டுக்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் பேச்சு. எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் 1924 ஷமோனி போட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் இடறுகிறது.

பிரான்ஸின் ஷமோனியில் அந்த ஜனவரி 25 அன்று தொடங்கியது 'பன்னாட்டுக் குளிர்கால விளையாட்டு வாரம்'. முதல் குளிர்கால ஒலிம்பிக் என்ற தகுதி அதற்குப் பின்னால்தான் வந்தது. அங்கே ஸ்கீ ஜம்பிங்கில் எல்லாரையும்விடத் தொலைவு பாய்ந்தவர் அமெரிக்க அணியின் ஆண்டர்ஸ் ஹௌகன். 50 மீட்டர். ஆனால் நடுவர்கள் கணக்கில் பின்தங்கினார். தங்கம் நார்வேயின் யாக்கோப் துலின் தாம்ஸுக்குப் போயிற்று. வெண்கலம் தோர்லைஃப் ஹௌக்குக்கு. அதே வாரத்தில் 18, 50 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டங்களில் தங்கம் வென்றவர் இவர். ஹௌகன் நான்காமிடம்.

ஐம்பது ஆண்டு கழித்துத்தான் கூட்டலில் பிழை நடந்தது வெளியே வந்தது. சரியாகக் கூட்டினால் ஹௌகன் 17.916, ஹௌக் 17.821. ஹௌக் 1934-லேயே இறந்துவிட்டார். 1974-ல் ஆஸ்லோவில் அவருடைய மகளே அந்தப் பதக்கத்தை, எண்பது வயதைக் கடந்துவிட்ட ஹௌகனிடம் கொடுத்தார். எத்தனை முறை படித்தாலும் அந்தப் பெண்மணியை நினைத்து மனம் நெகிழ்கிறது.

ஹௌகனுக்குத் தங்கம் கிடைக்காதது நடுவர் மதிப்பீட்டால். வெண்கலம் பறிபோனது கூட்டல் பிழையால். 'அழகுப் புள்ளி' என்று எழுதினால், யாரோ அழகில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கியதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடுவர்கள் பார்ப்பது அழகை அல்ல. இன்றைய முறையில் ஐந்து நடுவர்கள், ஆளுக்கு 20 வரை. மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கி மூன்றைக் கூட்டுகிறார்கள். காற்றில் உடல் நிலைகுலையாமல் இருந்ததா, இறங்கும்போது ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக முழங்கால் மடங்கியதா, பிறகு தடுமாறாமல் சறுக்கிப் போனாரா என்று பார்த்து, பிழைக்குப் பிழை கழிக்கிறார்கள்.

> அப்படியானால் 'பாணிப் புள்ளி'?

பாணி ஒருவருக்கோ ஒரு பள்ளிக்கோ உரியது. 1980-களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் யான் போக்லேவ் இரண்டு ஸ்கீக்களின் முனைகளையும் 'வி' போல விரித்துப் பறந்தார். தூரம் கூடியது, நடுவர்களோ மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அப்படியும் 1988-89 உலகக் கோப்பை அவருக்குத்தான். சில ஆண்டுகளில் எல்லாரும் அவர் வழிக்கே வந்தார்கள். அது 'வி பாணி'. 'பாணியால் பாணிப் புள்ளி குறைந்தது' என்று எழுத முடியுமா? செய்ய வேண்டிய முறையில் செய்வதற்குப் 'பாங்கு' பொருந்துகிறது. 'வி பாணியால் அவருக்குப் பாங்கு மதிப்பெண் குறைந்தது' என்றால் குழப்பமே இல்லை.

புள்ளியை விட்டு மதிப்பெண்ணுக்குப் போனதற்கும் காரணம் உண்டு. சரிவில் தூரத்துக்கு மதிப்பெண் கணக்கிட அடிப்படையாக வைக்கும் இடத்தை 'கே பாயிண்ட்' என்கிறார்கள். அதைக் 'கே புள்ளி' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அதை எட்டியவருக்கு 60 புள்ளி என்றால் வாசகர் திணறுவார். இடத்துக்குப் புள்ளி, நடுவர் தருவதற்கும் தூரத்துக்குக் கிடைப்பதற்கும் மதிப்பெண் என்று பிரித்துவிடலாம்.

ஆக என் பரிந்துரை: பாங்கு மதிப்பெண், தூர மதிப்பெண், கே புள்ளி, வி பாணி. விளையாட்டின் பெயருக்குப் 'பனிச்சறுக்குத் தாண்டல்' ஏற்கெனவே புழங்குகிறது, அதைக் கலைக்க வேண்டாம். ஹௌக் வென்ற மூன்றாவது தங்கம் 'நார்டிக் கம்பைண்டு'. ஓட்டமும் தாண்டலும் சேர்ந்த அந்தப் போட்டிக்கு 'நார்டிக் இணைப்போட்டி' சரியா என்று இலங்கை நண்பர்கள் சொல்லுங்கள். அங்கே பாடநூலில் வேறு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.