சேலத்துக்கு ஜவ்வரிசி எப்படி வந்தது?

சங்ககிரியான்:
ஏனுங்க, அந்தக் காலத்தில் ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூரிலிருந்து கப்பலில்தான் வந்ததாம். துறைமுகமே இல்லாத சேலம் பக்கம் இத்தனை சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி எப்படி முளைச்சதுங்க? உள்ளே வேலை எப்படி நடக்குது?

ஆத்தூர் திப்பி:
இரண்டாம் உலகப்போரில் கப்பல் நின்றதுங்க. அசல் சேகோ, நம்மூர்ப் பனையல்ல, சேகோப்பனை என்கிற மரத்தின் தண்டு மாவு. இங்கே அதற்குப் பதில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. 1940களில் கைவேலையாகத் தொடங்கியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு ஜவ்வரிசி ஏலம் ஒழுங்கானது.

தோல் சீவி, கழுவி, அரைத்து, பாலைச் சலித்துத் தொட்டியில் விட்டால் சில மணி நேரத்தில் மாவு அடியில் இறுகும். ஈரமாவை உடைத்து, தூளியில் போட்டு ஆட்டினால் குருணை உருளும். சலித்து, எண்ணெய் தடவிய சட்டியில் வறுத்து, களத்தில் காயப்போடுவார்கள். வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி.

ராசிபுரம் களம்:
கிழங்கு பிடுங்கிய மறுநாளே அரைத்துவிட வேண்டும். கிடந்தால் உள்ளே நீலக்கோடு ஓடும், மாவு குறையும். கிழங்கு விலையே மாவுச்சத்து அளவைக் காட்டும் பாயிண்டுக்குத்தானே! தண்ணீரில் இரும்பு இருந்தால் நிறம் மங்கும். பளீர் வெள்ளைக்காக ரசாயனம் கலப்பதுதான் தொழிலுக்குப் பிடித்த சனி. லேசான பழுப்பு இருந்தால் தயங்காமல் வாங்குங்க.

சங்ககிரியான்:
மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை, அந்தத் திப்பி என்னாகும்?

ஆத்தூர் திப்பி:
காயவைத்தால் மாட்டுத்தீவனம். ஈரத்தோடு குவித்தால் புளித்து ஊரே நாறும்.